சங்கில் புகட்டும் வேப்பெண்ணெய்

ஆனி, ஆடியில் வீரசோழன், நரிக்குடிப் பக்கம் போனால் வேப்பமரத்தடியில் பெண்கள் விளக்குமாறும் சாக்குமாக வேப்பமுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தாலும் வேம்பு பொய்ப்பதில்லை. அந்த முத்தை ஆட்டி எடுக்கும் எண்ணெய்தான் சிரங்குக்கும் பேனுக்கும் மூட்டு வலிக்கும் வீட்டு மருந்து. மேலுக்குப் பூசுவது வேறு. மாந்தம் என்று சொல்லிக் கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுவது வேறு. ஆபத்து அந்தச் சங்கில்தான் இருக்கிறது.

மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் இதே வழக்கத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோயிருந்தன. அங்கே வேப்பெண்ணெய் குடித்த 13 குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் சின்னையாவும் பாஸ்கரனும் 1981இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். குடித்த சில மணி நேரத்தில் வாந்தி, அரைமயக்கம், ரத்தத்தில் அமிலம் கூடுதல், மூளை பாதிப்பு. பிறகு எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில், கல்லீரல் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவே சிதைவது தெரிந்தது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது: வலிப்பு அடங்காமல் தவித்த 5 வயதுக் குழந்தைக்குப் பிழைத்த பிறகும் பார்வையிலும் கேட்கும் திறனிலும் குறை தங்கியதை 2008இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' பதிவு செய்தது.

1988இல் வெளியான இன்னொரு ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 14 மி.லி. கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்று கண்டார்கள். முயலுக்கு அந்த அளவு 24 மி.லி. இது சாவின் கணக்கு, பாதுகாப்பின் கணக்கு அல்ல. எலிக்கும் முயலுக்குமே ஒத்துவராத கணக்கைப் பச்சைக் குழந்தைக்கு எப்படிப் போடுவது?

மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த முத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் சேரலாம். அதை மணத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும்.

மருந்தென்று விற்கும் எண்ணெயில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். பார்த்து வாங்குவதும் ரசீது கேட்பதும் நம் உரிமை. விளக்குக்கும் பயிருக்கும் விற்பதையோ, 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டதையோ வாயில் வைக்கவே கூடாது. பாதிப்பு நேர்ந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

குழந்தை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் வேண்டாம். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். உடனே 108ஐ அழையுங்கள். எண்ணெய் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.