உதிரும் தோலும் வேங்கடத்து வெயிலும்

ஆனித் திங்களில் சித்தூர் மண்டிகளுக்குத் தோத்தாபுரி மாங்காய் வண்டி வண்டியாக வந்திறங்கும். தமிழகத்தார் கிளிமூக்கு என்று அழைக்கும் காய்தான் அது. பங்காருபாளையத்துத் தோப்புகளில் பறித்துக் கூழ் ஆலைகளுக்கு ஏற்றும்போது காம்பு ஒடிந்தால் பால் பீறிட்டுத் தெறிக்கும். அது முகத்தில் பட்டால் முதலில் எரியும். மறுநாள் தோல் கன்றும். பின்னர்ப் பொருக்குக் கட்டி உரிந்து விழும். உரிந்த இடத்தில் தோன்றுவது புதுப்பொலிவு அன்று, கருந்தடம். காய் கடித்த சிறுவரின் வாயோரத்தில் அத்தடம் பல வாரம் நிற்பதை மாந்தோப்பு வட்டாரத்தில் காணாதார் இலர்.

மாம்பாலின் கடுமைக்கு அதிலுள்ள இரெசார்சினால் வழிவந்த சேர்மங்களும் ஒரு காரணம். அக்குடும்பத்தின் மூலப்பொருளான இரெசார்சினால், மருத்துவமனைகளில் முகத்தோல் உரிக்கப் பயன்படும் செசுனர் கரைசலில் 14 விழுக்காடு அளவில் சேர்கிறது. தோல் உரிதல் தோப்பில் நேர்ந்தால் அது புண். மருத்துவர் கையில் நேர்ந்தால் பண்டுவம். இரண்டையும் பிரிப்பவை அளவும் ஆழமும் காலமும்தாம். திருப்பதியிலும் சித்தூரிலும் முகத்தோல் சீர்செய்யும் நிலையங்கள் பெருகிவருகின்றன. தோலை எவ்வாறு உரிப்பது என்பதைவிட, உரித்தபின் அது எந்நிறத்தோடு மீளும் என்பதே இவ்வட்டாரத்தார் கேட்கவேண்டிய வினா.

மேற்றோலின் உச்சியில் இருப்பது கொம்புப் படலம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும். முகத்தில் அதனினும் குறைவு. உட்கருவை இழந்து தட்டையாகிவிட்ட அணுக்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்து, இடையே கொழுப்புப் பூச்சுடன், பதினைந்து இருபது அடுக்குகளாக நிற்கின்றன. உள்நீர் வெளியேறாமலும் புறநஞ்சு உட்புகாமலும் காப்பது இப்படலமே. இறந்த அணு என்று இழித்துரைத்து அதனை முழுதும் சுரண்ட முனைவது அறியாமை. அடித்தளத்தில் பிறக்கும் அணு மேலேறி உதிர்ந்து விழ ஒரு திங்கள் முதல் ஒன்றரைத் திங்கள் வரை ஆகும். அணுக்களைக் கோத்து நிற்கும் புரதப் பிணைப்புகளை நொதிகள் சிறிது சிறிதாக அறுப்பதால் இவ்வுதிர்வு நிகழ்கிறது. நீர்ப்பசை இருந்தால்தான் அந்நொதிகள் செவ்வனே இயங்கும். தையிலும் மாசியிலும் கன்னம் வறண்டு செதில் பூப்பது இதனாலேயே. முதுமையிலும் இப்பயணத்துக்குக் கூடுதலாகப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

முகம் மங்கிவிட்டது என்று மகளிர் குறைப்படுவதில் ஓர் ஒளியியல் உண்மை உண்டு. உதிராமல் தங்கிய செதில்களின் ஓரங்கள் தூக்கி நிற்பதால் அவற்றிடையே காற்று புகுகிறது. விழும் ஒளி ஒழுங்காகத் திரும்பாமல் பல திசையிலும் சிதறுகிறது. தோல் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. அச்செதில்களை நீக்கினால் பரப்பு சீராகி ஒளி ஒரு முகமாகத் திரும்பும். உரிப்புப் பண்டுவம் மெய்யாகத் தருவது இந்தப் பொலிவுதான். இதனை நிறமாற்றம் என்று விற்பவர் பொய் சொல்கிறார். நிறம் பிறப்பது மேற்றோலின் அடித்தளத்து நிறமியணுக்களில். அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 36 அண்டை அணுக்களுக்கு நிறமி வழங்குகின்றன. வெண்தோலர்க்கும் நமக்கும் அவற்றின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை; நிறமிப் பொதிகளின் பருமையும் பரவலுமே வேறு. மேலே எத்தனை முறை உரித்தாலும் அந்நிறமியணுக்கள் கீழே தம் பணியைத் தொடரும்.

அவற்றைச் சீண்டினால் பணி கூடும். தோல் வெயிலுக்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதைக்கொண்டு ஆர்வர்டு மருத்துவர் தாமசு பிட்சுபாட்ரிக் 1975இல் வகுத்த வரிசை இன்று ஆறு வகையாக விரிந்துள்ளது. தென்னாட்டார் பெரும்பாலும் அதில் நான்காம், ஐந்தாம் வகையினர். இத்தோலில் புற்றுநோய் அரிது. ஆனால் சிறு அழற்சி ஏற்பட்டாலும் நிறமியணுக்கள் கிளர்ந்தெழுந்து கருமையைக் கொட்டிவிடும். பரு போன இடத்தில் புள்ளி நிற்பதும், கொசு கடித்துச் சொறிந்த இடத்தில் கறை நிற்பதும், மாம்பால் தடம் நிற்பதும் ஒரே விளைவுதான். ஐரோப்பியர் முகத்தைக் கொண்டு எழுதிய அளவுகளை அப்படியே எடுத்துக் கையாண்டால் இங்கே மங்கு குறையாது, கூடும்.

தோல் உரிக்கும் கலை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தமிழ்வீட்டு மணப்பெண்ணுக்கு நலங்குமா. தெலுங்குவீட்டுப் பெண்ணுக்குச் சுன்னிப்பிண்டி. பயறும் கடலையும் கொரகொரப்பாக அரைத்து மஞ்சள் சேர்த்த மா அது. முதலில் எண்ணெய் தேய்த்து ஊறவிடுவர். பின் மாவைக் குழைத்துத் தேய்ப்பர். எண்ணெய் செதிலை இளக்குகிறது. மா அவ்வெண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, இளகிய செதிலைத் தன்னுடன் உருட்டி எடுத்துவருகிறது. வன்மையாகத் தேய்க்காதவரை இதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் நாட்டுமருந்துக் கடையில் நலங்குமாவுக்கென்று கட்டித்தரும் பொட்டலத்தில் கார்போகரிசியும் சில வேளை சேரும். அதில் சோராலன் என்னும் பொருள் உண்டு. அது தோலைப் புறஊதாக் கதிருக்கு எளிதில் ஆட்படச் செய்யும். வெண்புள்ளிக்கு நிறம் ஏற்றவே மருத்துவர் சோராலனைக் கையாள்கின்றனர் என்றால், முகம் வெளுக்க அதனைப் பூசிக்கொண்டு வெயிலில் செல்வது எத்துணை முரண்! கார்போகரிசியை முகத்துக்கான மாவில் சேர்க்கவே வேண்டா.

சேசாசல மலையில் வளரும் செஞ்சந்தனமும் முகப்பூச்சாக விற்கிறது. அதன் செம்மைக்குச் சாண்டலின் என்னும் நிறப்பொருள் காரணம். மரத்தூள் என்ற அளவில் அது செதிலைத் தேய்த்து எடுக்கும். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டா. காட்டுக் காவலர் கண்ணில் மண்தூவிக் கடத்தப்படும் அம்மரம், ஐந்து உரூபாய் உறைக்குள் எவ்வளவு இருக்கும் என்பதை வாங்குவோரே எண்ணிப் பார்க்கலாம்.

இனி அமிலங்கள். அமெரிக்க மருத்துவர் உயூசின் வான் சுகாட்டும் வேதியியலர் இரூய் யூவும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. மீன்செதில்போல் தோல் தடிக்கும் நோயருக்கு ஆல்பா ஐடிராக்சி அமிலங்களைப் பூசியபோது செதில்கள் கழன்றதை அவர்கள் கண்டனர். கரும்புடன் இணைத்துப் பேசப்படும் கிளைக்காலிக், தயிரின் இலாக்டிக், புளியின் தார்தாரிக், எலுமிச்சையின் சித்திரிக், வாதுமைக் கசப்பிலிருந்து வந்த மாண்டலிக் ஆகியன அக்குடும்பத்தவை. சித்தூரின் கரும்புக் கொல்லையும் மாட்டுத்தொழுவமும் புளியந்தோப்பும் இவற்றிற் பலவற்றை விளைவிப்பவை. பழ அமிலம் என்னும் பெயர் விற்பனையாளருக்கு வாய்த்த நற்பேறு! மருத்துவமனைக் குப்பியில் உள்ள கிளைக்காலிக் அமிலம் ஆலையில் வேதிமுறையில் ஆக்கப்படுவது; கரும்பைப் பிழிந்து எடுத்ததன்று. தயிரில் இலாக்டிக் அமிலம் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பண்டுவத்தில் அதைப்போல் முப்பது நாற்பது மடங்கு கையாளப்படுகிறது.

மடங்கு மட்டும் போதாது. அமில மூலக்கூறு மின்னேற்றமின்றி முழுமையாக இருந்தால்தான் கொம்புப் படலத்துக்குள் நுழையும். கிளைக்காலிக் அமிலம், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 3.8 ஆக இருக்கையில் பாதி முழுமையாகவும் பாதி பிரிந்தும் நிற்கும். பிஎச் அதனினும் குறையக் குறைய நுழையும் பங்கு கூடும். எனவே குப்பியில் 30 விழுக்காடு என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வலிமையை அறிய இயலாது. அமெரிக்க ஒப்பனைப்பொருள் வல்லுநர் குழு இவ்வமிலங்களுக்கு வரம்பு வகுத்தபோது இரண்டையும் சேர்த்தே சொன்னது: வீட்டுப் பயனுக்கு 10 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் பிஎச் 3.5க்குக் குறையாமலும், பயிற்சி பெற்றோர் கையாள 30 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் பிஎச் 3க்குக் குறையாமலும். மூலக்கூறின் பருமனும் பொருட்டு. கிளைக்காலிக்கின் மூலக்கூறு எடை 76. ஆதலால் விரைந்து இறங்கும். மாண்டலிக்கின் எடை 152. தயங்கித் தயங்கி இறங்கும். மாநிறத் தோலுக்கு அத்தயக்கமே நன்மை. சாலிசிலிக் அமிலம் கொழுப்பில் கரைவதால் மயிர்க்காலின் எண்ணெய்க்குள் புகும்; பருமுகத்தார்க்கு ஏற்றது.

பண்டுவ அறையில் நடப்பதைச் சற்று அருகிருந்து பார்க்கலாம். முகத்தைக் கழுவி, எண்ணெய்ப்பசை போக ஆல்ககாலால் துடைக்கின்றனர். மூக்கோரம், கடைக்கண், இதழ்க்கடை ஆகிய இடங்களில் அமிலம் தேங்கும் என்பதால் வாசலின் தடவுகின்றனர். தூரிகையால் நெற்றியில் தொடங்கிக் கன்னம், மோவாய் என்று பூசுகின்றனர். பூசிய கணமே கடிகாரம் ஓடத் தொடங்கும். முதல் முறையில் இரண்டு மூன்று நிமையங்களே. மருத்துவரின் கண் கடிகாரத்தைவிடத் தோலையே மிகுதியும் நோக்கும். சீரான இளஞ்சிவப்பு தோன்றினால் போதும். ஓரிடத்தில் வெண்மை பூத்தால் அங்கே அமிலம் வேண்டிய அளவைக் கடந்து இறங்கிவிட்டது என்று பொருள். உடனே சோடா உப்புக் கரைசல் ஊற்றுகின்றனர். நுரை பொங்கி அமிலம் அடங்குகிறது. சாலிசிலிக் பூசினால் தோன்றும் வெண்மை வேறு: அதனைக் கரைத்த ஆல்ககால் ஆவியாகித் தங்கும் படிகம் அது, நீர் பட்டால் போய்விடும். இவ்விரு வெண்மைகளையும் வேறுபடுத்திக் காணத் தெரியாதவர் தூரிகையைத் தொடலாகாது.

கருவிகளும் உள. அலுமினியம் ஆக்சைடு நுண்மணிகளை வீசி உறிஞ்சும் முறை 1985இல் இத்தாலியில் தோன்றியது. இப்போது வைரத்துகள் பதித்த முனையும், நீரைச் செலுத்திக்கொண்டே அழுக்கை இழுக்கும் ஐட்ரா பேசியலும் பரவியுள்ளன. இவை கொம்புப் படலத்தைத் தாண்டுவதில்லை. அதனால் இடர் குறைவு, பயனும் சில நாளுக்கே. அலகால் முகத்தை மழித்தெடுக்கும் முறையும் அத்தகையதே. அதன் விளைவைத் திருமலையில் முடிகாணிக்கை செலுத்தும் கல்யாணக்கட்டையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான தலைகளில் காணலாம். கத்தி முடியோடு மேற்செதிலையும் வழித்துக்கொண்டு போகிறது. அதுவரை வெயில் காணாத தோல் திடுமெனத் திறக்கப்படுகிறது. மொட்டைத்தலையில் சந்தனம் அப்பும் வழக்கம் அவ்வெரிச்சலைத் தணிக்கிறது. எனினும் சந்தனத்தை வெயில்காப்புப் பூச்சுக்கு ஈடாகக் கொள்ளலாகாது.

வெயிலுக்கு வருவோம். திருப்பதி 13.6 பாகை வட அகலாங்கில் உள்ளது. கதிரவன் ஆண்டில் இருமுறை அவ்வூரின் உச்சிக்கு நேர் மேலே நிற்கும்: சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆவணி பிறக்கும் வேளையில் மறுமுறை. மார்கழி நண்பகலிலும் அது 50 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. திருமலையோ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். மலைமேல் காற்று குளிர்வதால் வெயில் தணிந்ததாகத் தோன்றுவது மயக்கமே. வெப்பம் வேறு, புறஊதாக் கதிர் வேறு. பத்து விழுக்காட்டுக் கிளைக்காலிக் அமிலத்தை நான்கு வாரம் பூசியவரின் தோல் புறஊதாக் கதிருக்குச் சிவக்கும் தன்மை 18 விழுக்காடு கூடியதை ஓர் ஆய்வு காட்டியது. பூசுவதை நிறுத்திய ஒரு வாரத்தில் அம்மிகை நீங்கியது. வீட்டுப் பூச்சின் நிலை இதுவென்றால், மருத்துவமனை உரிப்புக்குப் பின் அலிபிரியிலிருந்து மலையேறப் புறப்படுவோரை என்னென்பது? வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் குவிவதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வெயில் உச்சந்தலையில் நிற்கும் அந்நாட்களில்தான் மணமக்கள் நிலையங்களில் வரிசையில் நிற்கின்றனர்.

மற்றொரு கேடு மருந்துக்கடையிலிருந்து வருகிறது. முகம் சிவக்கும் என்று நம்பி இசுட்டீராய்டு கலந்த பூச்சைத் திங்கள் கணக்கில் பூசுவோர் பலர். தோல் மெலிந்து, குருதிநாளங்கள் இழையோடித் தெரியும். அத்தகைய தோலில் அமிலம் தடையின்றி இறங்கும். 2018இல் நடுவணரசு 14 வகை இசுட்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தும் பழக்கம் ஒழியவில்லை. உரிப்புக்கு அமரும் முன் எந்தப் பூச்சு பூசுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். பருவுக்கு ஐசோதிரெட்டினாயின் மாத்திரை உண்போரும், உதட்டில் அக்கி எழும் வழக்கமுடையோரும், கருவுற்றோரும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இந்தியத் தோல்நோய், பால்வினைநோய், தொழுநோய் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு 2008இல் உரிப்புக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நம்மவர் தோலுக்கு ஆழ உரிப்பு ஏற்றதன்று என்பது அதன் துணிபு. அவ்வகையைச் சேர்ந்ததும் இதயத்துடிப்பையே குலைக்கவல்லதுமான பீனால் உரிப்பை நம் ஊர்களில் எவரேனும் முன்மொழிந்தால் எழுந்து வந்துவிடுவதே முறை. திருப்பதியில் 1960இல் தொடங்கிய வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி உள்ளது. சித்தூரிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவமனை ஒரு மணிநேரத் தொலைவே. தோல் மருத்துவரை அடைவது இவ்வட்டாரத்தார்க்கு அரிதன்று.

உரிப்பு வேண்டுவோர் ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையே செய்துகொள்க. காதின் பின்புறம் சிறிது பூசிப் பார்த்து, கருக்காவிட்டால் மட்டுமே முகத்துக்குச் செல்க. இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளிவிட்டு, மெல்லிய அளவில் பல முறை செய்வதே நம் தோலுக்கு உகந்தது. பின்னர் 30க்குக் குறையாத காப்பெண் (எசுபிஎப்) கொண்ட வெயில்காப்புப் பூச்சை இரு விரல் நீளம் எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, வெளியே இருக்கும்வரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். திருமணத்துக்கு ஒரு திங்களுக்கும் குறைவாகவே நாள் இருக்குமாயின் அமிலப் பண்டுவத்தை விட்டுவிடுக. நலங்குமாவும் குடையும் அந்நாட்களுக்குப் போதும்.