பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே

சாரல் பருவத்தில் குற்றாலம் வருவோர் அருவியைக் காண்பர். அவ்வூரிலேயே அமைந்துள்ள மகளிர் கல்லூரியை நின்று நோக்குவோர் சிலரே. திருக்குற்றாலநாதர் திருக்கோயிலின் நிருவாகத்தில் 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி அது. பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கிய சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு, காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பும் தொலைவில் கல்லூரி ஒன்று அமைந்தது எளிய செய்தியன்று. சிற்றூர் மாணவரின் உயர்கல்விக்கு முதல் தடை, பல வேளைகளில் அறிவுக்குறையன்று, தொலைவே.

இரண்டாம் தடை, கண்ணுக்குப் புலப்படாதது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில், வேளாண்மையும் பீடி சுற்றுதலும் எண்ணற்ற குடும்பங்களின் வாழ்வாதாரம். இத்தகைய வீடுகளில் எந்தப் படிப்பிற்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தச் சான்றிதழை எங்கே பெறுவது என்று சொல்ல ஆளிருப்பதில்லை. உதவிகளோ பல உள்ளன. பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. பெற்றோரிடம் தொழிலாளர் அடையாள அட்டை இல்லையெனில் அது கைக்கெட்டாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இதனினும் நுட்பமானது. மருத்துவப் படிப்புகளுக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் தமிழ்நாடு அரசு இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் பொதுவான தகுதி. நல்லெண்ணத்தோடு ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்த தந்தை, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னரே தாம் இழந்ததை அறிவார். விதியைக் காலத்தில் அறிவதும் ஒருவகைச் செல்வமே. நகரத்து வீடுகள் அதனைப் பேச்சுவாக்கில் பெற்றுவிடுகின்றன.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டம் இவ்விடைவெளியை நிரப்ப முனைகிறது. உயர்கல்வி வழிகாட்டலைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவருவது அதன் சிறப்பு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவியருக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் அதே ஆண்டு செப்டம்பரிலும், மாணவருக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டிலும் நடைமுறைக்கு வந்தன. பேருந்துக் கட்டணமும் புத்தகச் செலவுமே படிப்பை நிறுத்தப் போதுமான வீடுகளில் இத்தொகை சிறிதன்று.

தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் வேறொரு வழியும் திறந்துள்ளது. அங்கு அலுவலகம் அமைத்த ஜோஹோ மென்பொருள் நிறுவனம், மேனிலைக் கல்வி முடித்தோரைத் தேர்ந்தெடுத்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் தந்து பயிற்றுவிக்கிறது. மலையடிவாரத்திலேயே மென்பொருள் எழுதலாம் என்பது அவ்வட்டாரத்து மாணவர் கண்ணெதிரே காணும் உண்மை. எனினும் பட்டப்படிப்பு வேண்டும் பணிகள் பல இருப்பதால், இதனைக் கல்லூரிக்கு மாற்றாக எல்லார்க்கும் பரிந்துரைத்தல் பொருந்தாது.

தலைமைப் பண்பு என்றவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருவது வழக்கம். 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் அதனை வேறுவிதமாகப் பயிற்றுகிறது. சிற்றூரில் நடைபெறும் சிறப்பு முகாமில் வேலையைப் பங்கிடுதல், ஊர்ப் பெரியவரிடம் இசைவு பெறுதல், உணவுக்கணக்கு எழுதுதல், சோர்ந்த தோழரை அரவணைத்தல் ஆகியவற்றை மாணவர் செய்தே கற்கின்றனர். அலுவலகத்தில் தயங்காமல் ஐயம் கேட்கும் துணிவு பெரும்பாலும் இத்தகைய பழக்கத்தால் வருவதே. அத்துணிவு வட்டாட்சியர் அலுவலகம் வரை பயன்படுகிறது.

ஏனெனில், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் சேர்பவர்க்குரிய முதல் பட்டதாரிச் சான்றிதழை வருவாய்த்துறையிடமே பெறவேண்டும். தொழிற்படிப்புக் கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும் அச்சான்றிதழ், அண்ணனோ அக்காளோ பட்டம் பெற்றுவிட்ட வீட்டில் அடுத்தவருக்குக் கிடைக்காது. அவருக்கு விண்ணப்பம் நிரப்பித் தர வீட்டிலேயே ஒருவர் இருப்பார்.