நிற்கத் தெரிந்த படகு

ஓர் ஏரிக்கரையில் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கையில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர். எதிரே, ஒரு மீட்டர் நீளமுள்ள சிறு படகு நீரைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. நீங்களே கட்டிய முதல் படகு! திடீரென்று அது திரும்ப மறுக்கிறது. வேகத்தைக் குறைக்கும் விசையை இழுக்கிறீர்கள். வேகம் குறையவில்லை. நடந்தது என்ன? படகினுள்ளே பேட்டரியின் கம்பி அதிர்வில் கழன்றுவிட்டது.

மின்சார மோட்டார் படகாக இருந்தால் பேட்டரி போனதும் அதுவும் ஓய்ந்துவிடும். இதுவோ பெட்ரோல் படகு. பேட்டரி போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். விந்தையாக இருக்கிறதல்லவா?

எஞ்சினின் சுழல் சக்கரத்தில் ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு கம்பிச் சுருளைக் கடந்து செல்கிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான்! இந்த அமைப்புக்கு மேக்னெட்டோ என்று பெயர். தனக்கு வேண்டிய பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் எஞ்சினுக்குப் பேட்டரி எதற்கு? படகிலுள்ள பேட்டரி, ரேடியோ ரிசீவரையும் சர்வோ மோட்டார்களையும் இயக்க மட்டுமே. அது போனால், எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சர்வோ இருந்த இடத்திலேயே நின்றுவிடும். முழு வேகத்தில் இருந்தால் முழு வேகம்தான்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். படகின் நிறை 8 கிலோகிராம், வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 15 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் 900 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலைப் போல் ஏழு மடங்குக்கும் மேல்! முன்னால் கூர்முனை, பின்னால் கத்திபோன்ற இதழ்கள் கொண்ட புரொப்பெல்லர். கரையில் குளித்துக்கொண்டிருப்பவரை நோக்கி அது போனால்?

ஆகவே முதன்முறை படகு கட்டுகிறவர், அதை எப்படி நிறுத்துவது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பெட்ரோலைக் கையாளும் வேலை இது. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் இல்லாமல் தொடங்கவே கூடாது.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்தது. பெட்ரோலை அமெரிக்கர்கள் ‘கேஸ்’ என்பார்கள். பெட்டியின் மேல் ‘கேஸ் படகு’ என்று கண்டால் சமையல் சிலிண்டரை நினைத்து மிரள வேண்டாம்!

எஞ்சின் புல்வெட்டும் கருவியின் இனத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய ‘ஸெனோவா’ எஞ்சின் ஒன்றின் சிலிண்டர் விட்டம் 34 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 28 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் கண்டுபிடியுங்கள், சுமார் 25.4 கனசென்டிமீட்டர் வரும். இது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் எண்ணெய்க்குத் தனி அறை இல்லை. பழைய ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெய் கலந்து ஊற்றியதைப் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். இங்கும் அப்படியே. 25-க்கு 1 என்ற விகிதமானால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். திறந்த வெளியில் கலக்க வேண்டும். எண்ணெயை மறந்தால் பிஸ்டன் இறுகிப்போகும்.

எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குச் சுழற்சியைக் கொண்டு செல்வது பித்தளைக் குழாய்க்குள் ஓடும் எஃகுக் கம்பி வடம். புதியவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது. ஒரு தேங்காய்நார்க் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை முறுக்கேறும் திசையில் திருகிப் பாருங்கள். கயிறு குட்டையாகிறதல்லவா? வடமும் அப்படித்தான். எஞ்சின் வேகமெடுக்கும்போது முறுக்கேறி நீளம் சற்றுக் குறையும். குறைந்தால் புரொப்பெல்லர் முன்னே இழுக்கப்பட்டு, அதைத் தாங்கும் சட்டத்தில் உரசித் தேயும். இதற்காகச் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் பொருத்த வேண்டும். படகு சும்மா நிற்கும்போது பார்த்தால், பொருத்தியவர் கவனக்குறைவாக விட்ட சந்துபோலவே தோன்றும்!

எஞ்சினைக் குளிர்விக்கப் பம்பு கிடையாது. சுக்கானின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை உண்டு. படகு ஓடும் வேகமே அதனுள் நீரைத் தள்ளி, குழாய் வழியே சிலிண்டரைச் சுற்றி அனுப்பி, பக்கவாட்டில் பீச்சியடிக்கிறது. கரையிலிருந்து அந்தப் பீச்சலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது நின்றால் துளையில் பாசி அடைத்திருக்கிறது. உடனே கரைக்குத் திருப்புங்கள். தரையில் வைத்து எஞ்சினைச் சில விநாடிகளுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி ரேடியோ. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகை ரேடியோ அலைகளால் இயக்கிக் காட்டினார். அது மின்கலத்தில் ஓடிய படகு. இன்றைய ரேடியோக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. நீர் இந்த அலையை விழுங்கிவிடும். ஆகையால் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ரிசீவரை நீர்புகாப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு சாதாரண பலூனுக்குள் நுழைத்துக் கட்டிவிடுகிறார்கள். மலிவான காப்பு!

அலை அறுந்தால், ரிசீவர் தானாகவே சர்வோவை முன்பே குறித்த நிலைக்குக் கொண்டுவரும். அந்த நிலையை மெதுவோட்டத்துக்கு வைப்பது தவறு. இப்படகுகளில் கிளச் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை புரொப்பெல்லரும் சுழலும், படகும் நகரும். கார்புரேட்டரின் வாய் முழுதும் மூடி எஞ்சின் அணையும்படி வையுங்கள். ஆனால் முதலில் கண்டதுபோல் பேட்டரியே போனால்? அதற்கு மேக்னெட்டோவின் சுருளை எஞ்சின் உடலோடு இணைத்துப் பொறியை அணைக்கும் மின்னணுச் சுவிட்சு ஒன்று தனியாக வேண்டும். ரிசீவருக்கு மின்சாரம் நின்றாலும் அணைக்கக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். வண்ணம் பூசும் செலவைக் குறைத்தாவது இதை வாங்கலாம்.

கூட்டைப் பொறுத்தவரை, ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகமுள்ள ஃபைபர் கிளாஸ் கூடே புதியவருக்கு ஏற்றது. படகின் ஈர்ப்பு மையம் பின்விளிம்பிலிருந்து நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதத் தொலைவில் அமைந்தால் நல்லது. நீர் புகுந்தாலும் மூழ்காதிருக்க உள்ளே நுரைப்பொருள் திணிக்க வேண்டும். 8 கிலோகிராம் படகுக்கு 8 லிட்டர் நுரை தாராளம். உண்மையில் அதைவிடக் குறைவே போதும். ஏன் என்பதை ஆர்க்கிமிடீஸ் விதியைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள். தெர்மோகோல் வேண்டாம். பெட்ரோல் பட்டால் கூழாகக் கரைந்துவிடும். பாலிஎத்திலீன் நுரை தாங்கும்.

எல்லாம் முடிந்ததா? படகைத் தாங்கியில் இறுக்கிக் கட்டுங்கள். பின்புறம் யாரும் நிற்கக்கூடாது. முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு ரிசீவர் என்று சுவிட்சைப் போடுங்கள். கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பி, மெதுவோட்டத்தில் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். இன்னொரு முறை கிளப்பி, இம்முறை ரிசீவரின் பேட்டரிச் சுவிட்சை அணையுங்கள். இப்போதும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அன்று படகு நீரில் இறங்கக்கூடாது, நண்பர்கள் எத்தனை பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தாலும்!

குளிப்பவரோ துடுப்புப் படகுகளோ இல்லாத நீர்நிலையாகப் பார்த்து, உரியவரிடம் அனுமதி பெற்று ஓட்டுங்கள். நடுவில் எஞ்சின் நின்றுபோனால் நீந்திப் போய் எடுக்கத் துணியாதீர்கள். காற்று கரைக்குத் தள்ளும்வரை பொறுத்திருங்கள். அல்லது பெரியவர் ஒருவர் துடுப்புப் படகில் போய் எடுத்து வரட்டும்.

வீடு திரும்பியதும் இன்னொரு வேலை இருக்கிறது. கூட்டிலுள்ள நீரை வடித்துவிட்டு, எஃகு வடத்தைக் குழாயிலிருந்து உருவித் துடைத்து, புதிய கிரீஸ் தடவிச் செருகுங்கள். ஓர் இரவு ஈரத்தோடு விட்டாலே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.