நோயுற்றோருக்கான ஜெபமும் சாட்சியும்

நோயுற்றவருக்காகக் கடவுளிடம் மன்றாடுவதும், நலம் பெற்றபின் அதை மறவாமல் சபையின் முன் எடுத்துச் சொல்வதும் தமிழகக் கிறித்தவர்களின் வழிபாட்டில் இணைந்தே நிற்பவை. முன்னதைச் சீர்திருத்தச் சபையினர் ‘ஜெபம்’ என்றும் கத்தோலிக்கர் ‘செபம்’ என்றும் எழுதுவர். பின்னது ‘சாட்சி’ எனப்படும். நீதிமன்றத்தில் வழங்கும் அதே சொல்தான். தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்பவர் என்பது பொருள்.

நோயாளி சபை மூப்பரை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கச் செய்யவேண்டும் என்கிறது யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரம். கத்தோலிக்கத் திருச்சபையில் இது ஓர் அருளடையாளம். ஒரு காலத்தில் ‘கடைசிப் பூசுதல்’ என்றே வழங்கியதால், குரு வீட்டுக்கு வந்தாலே மரணம் நெருங்கிவிட்டது என்று மக்கள் அஞ்சினர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், 1972இல் சடங்குமுறை புதுப்பிக்கப்பட்டு, இன்று ‘நோயில்பூசுதல்’ என அழைக்கப்படுகிறது.

நன்மையை நினைவில் வைப்பதற்கும் விவிலியம் வழி சொல்கிறது. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினர். பிள்ளைகள் ‘இந்தக் கற்கள் எதற்கு?’ என்று கேட்கவேண்டும், அப்போது கதையைச் சொல்லவேண்டும் என்பதே நோக்கம். வகுப்பறை அறிந்தவர்களுக்கு இது நல்ல போதனாமுறையாகத் தோன்றும். பின்னாளில் சாமுவேல் நாட்டிய கல்லின் பெயர் எபினேசர், அதாவது ‘உதவியின் கல்’. தமிழ்நாட்டில் வீட்டு முகப்பிலும் கடைப் பலகையிலும் ‘எபினேசர்’ என்ற பெயரைக் காணலாம். அதுவும் ஒருவகை நினைவுக்கல்லே.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு எல்லா ஞாயிறும் காலை ஆராதனை வாய்ப்பதில்லை. இத்தகையோருக்கு மாலைநேர வீட்டு ஜெபக்கூட்டமே சபையாகிறது. அங்கே சொல்லப்படும் சாட்சிகள் பெரும்பாலும் சிறியவை: காய்ச்சல் தணிந்தது, இயந்திரத்தில் சிக்கவிருந்த கை தப்பியது, நின்றுபோன வேலை மீண்டும் கிடைத்தது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஓராண்டு நன்மைகளையெல்லாம் எண்ணி நன்றி சொல்வர். ஸ்தோத்திரக் காணிக்கையும் படைப்பர்.

நேர்ந்துகொள்ளும் வழக்கம் சமய எல்லைகளைக் கடந்தது. வேளாங்கண்ணியில் கண், கை, கால் வடிவ வெள்ளித் தகடுகளைக் காணிக்கையாக்குகிறார்கள். திருவள்ளூர் வீரராகவர் கோயிலிலும் பக்தர்கள் உறுப்பு வடிவத் தகடுகளைச் செலுத்துகிறார்கள். குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். அப்பெருமாளை ‘வைத்திய வீரராகவர்’ என்றே அழைப்பர்.

ஜெபிப்பவர் மருந்து உண்ணலாமா என்ற கேள்வி சில சபைகளில் எழுகிறது. இதில் தயக்கத்துக்கு இடமே இல்லை. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார். ஆயுளில் 15 ஆண்டு கூட்டப்பட்டதாகச் செய்தியும் வந்தது. ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை அவருடைய கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். கத்தோலிக்க விவிலியத்திலுள்ள சீராக்கின் ஞானநூல், 38ஆம் அதிகாரத்தில், நோயில் மன்றாடவும் சொல்கிறது, மருத்துவரை மதிக்கவும் சொல்கிறது. வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவப் பணி கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம் மருந்து எடுக்கவேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் குறைந்து உடல் தேறும். அதைப் பூரண சுகமென்று சாட்சி சொல்லி மாத்திரையை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றலாம். நன்றி சொல்ல மருந்து முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. மருந்தை மட்டும் முடிக்கவேண்டும்.

குணமாகாதவர்களுக்குச் சாட்சி நேரத்தில் இடம் குறைவு. விசுவாசம் போதவில்லை என்று அவர்களிடம் சொல்வோரும் உண்டு. இது நோயினும் கொடிய சுமை. பவுல் தம் உடலிலிருந்த ‘முள்’ நீங்க மூன்றுமுறை வேண்டியும் அது நீங்கவில்லை. வயிற்றுக் கோளாறுள்ள தீமோத்தேயுவுக்குச் சிறிது திராட்சரசம் அருந்த ஆலோசனை தந்தார். துரோப்பீமு என்ற உடன் ஊழியரை, நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். அவர்களில் எவரையும் அவர் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்லவில்லை.