கண்டி டவுனுக்கு மேலே ஒரு காடு



ஆஸ்பத்திரிக்கோ பெரஹரா பார்க்கவோ கண்டிக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. தலதா மாளிகைக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மலை நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதுதான் உடவத்தகெலே. "இவ்வளவு பெரிய டவுன்ல இதை மட்டும் ஏன் வெட்டாம வச்சிருக்காங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ராசாக்கள் காலத்தில் இது அரண்மனைக்கு மேலே இருந்த தோட்டம். சாதாரண சனம் உள்ளே போக முடியாது. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் அறிவித்தார்கள். இன்று இருப்பது 104 ஹெக்டேயர், அதாவது சுமார் 257 ஏக்கர். குரங்கு, முள்ளம்பன்றி, சருகுமான், பலவகைப் பறவைகள் எல்லாம் அதற்குள் வாழ்கின்றன.

காடு செய்கிற வேலை என்ன? மழை முதலில் இலையில் விழுகிறது. பிறகு சருகில் சொட்டி, வேர் வழியாக மெதுவாக மண்ணுக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணிதான் வெயில் காலத்தில் ஊற்றாக வருகிறது. மரம் இல்லாத சரிவில் மழைத் தண்ணி மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

ஆனால் அந்தக் காட்டுக்கும் தொல்லை உண்டு. சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மகோகனி, பால்சம் மரங்களின் கன்றுகள் பெருகி, நாட்டு மரங்களை முளைக்க விடுவதில்லை. வேலி போட்டால் மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும்.

கண்டித் தண்ணி மகாவலியில் சேர்ந்து திருகோணமலை கொட்டியாரக் குடாவில் கடலுக்குப் போகிறது. நம் மலைத் தண்ணியும் அந்த வழிதான். இங்கிருந்து போய்ச் சாம்பல்தீவில் குடியேறிய ஒரு அக்கா, போன முறை வந்தபோது சொன்னார்: "மழைக்காலத்துல மூதூர்ப் பக்கம் ஆத்துத் தண்ணி செவப்பா வருது தம்பி. பாக்கும்போதெல்லாம் நம்ம தேயிலை மலைதான் ஞாபகம் வருது."

எங்களுக்குச் சுருக்கென்றது. நம் லயத்துக்கு மேலே இருந்த சின்னக் காட்டை விறகுக்கென்று கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினோம். நாங்களும் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தோம். இப்போது மாசி மாதத்தில் பீலியில் தண்ணி இல்லை. பெண்கள் குடத்தோடு தூரம் நடக்கிறார்கள்.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. எல்லாச் சரிவையும் மரம் தடுத்துவிடாது. ஆனாலும் மொட்டைச் சரிவும் அடைபட்ட கானும் ஆபத்தைக் கூட்டும்.

ஆகவே, ஊற்றுக்கு மேலே உள்ள மரத்தில் கத்தி வைக்க வேண்டாம். விறகுக்கு விழுந்த கிளையும் கவ்வாத்து மிலாறும் எடுங்கள். மழைக்கு முன் கானைத் துப்புரவு செய்யுங்கள். நிலம் வெடித்தாலோ ஊற்று திடீரெனக் கலங்கினாலோ உடனே வெளியேறி, கிராம சேவகருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள்.

டவுனுக்கு நடுவிலேயே ஒரு காட்டைக் காப்பாற்ற முடிகிறது. நம் லயத்துக்கு மேலே உள்ள நாலு மரத்தை நம்மால் காப்பாற்ற முடியாதா?