கூரை ஒன்று, கணக்கு இரண்டு

ஆரணியில் பல தெருக்களில் வீடுதான் பட்டறையும். கீழே குழித்தறி, மேலே பிற்பாடு எழுப்பிய மாடி போர்ஷன், அதில் ஒரு வாடகைக் குடும்பம். அப்படியொரு வீட்டுக்காரர், பட்டு நெய்கிற அண்ணன், டீக்கடை பெஞ்சில் ஒரு மஞ்சள் பையைப் பிரித்தார். சிமெண்ட் பில், பெயிண்ட் பில், பிளம்பர் கையால் எழுதிய சீட்டு. “மாடியில வர்ற வாடகையில இதையெல்லாம் கழிச்சுக்கலாம்தானே தம்பி?”

“முடியாதுண்ணே. ஆனா வேற ஒண்ணு கிடைக்கும். டீயக் குடிங்க, சொல்றேன்” என்றேன்.

வாடகை வீட்டுக்கு வருமான வரிச் சட்டம் தருகிற கழிவுகள் மூன்றே மூன்று. முதலாவது சொத்து வரி. நகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறோமே, அது. வீட்டுக்காரர் தன் கையிலிருந்து, அந்த நிதியாண்டுக்குள் கட்டியிருக்க வேண்டும். பாக்கி வைத்தால் அந்த வருஷம் கழிவு இல்லை. மூன்று வருஷ பாக்கியை ஒரே வருஷத்தில் கட்டினால், கட்டிய வருஷத்தில் முழுவதையும் கழிக்கலாம். குடியிருப்பவர் கட்டினால் வீட்டுக்காரருக்குக் கழிவு கிடையாது.

இரண்டாவதுதான் அண்ணனின் மஞ்சள் பைக்குப் பதில். சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை அப்படியே கழித்துக்கொள்ளலாம். பில் வேண்டாம், ரசீது வேண்டாம். வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதே 30. மோட்டார், புரோக்கர் கமிஷன், காப்பீடு எல்லாம் இதற்குள் அடக்கம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது பழுதுபார்க்க ஆறில் ஒரு பங்கு, காப்பீட்டுக்குத் தனி, வாடகை வசூல் செலவுக்குத் தனி என்று கணக்கு நீண்டது. 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அவற்றையெல்லாம் ஒழித்துவிட்டு 30 சதவீதம் என்று ஒரே கோடாகப் போட்டது.

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. “போன மழையில மட்டும் வாடகையில பாதி கூரைக்கே போச்சே.” அவர் ஆதங்கம் நியாயமானது. ஓட்டு வீடும் மெட்ராஸ் டெரசும் கேட்கிற செலவு புது கான்கிரீட் வீடு கேட்பதில்லை. சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. ஆனாலும் ஒரு பைசா செலவில்லாத வருஷங்களிலும் இந்த 30 வந்துகொண்டேதான் இருக்கும். பில் சேர்த்து வைக்கத் தெரியாதவருக்கும் ஆடிட்டர் வைத்திருப்பவருக்கும் ஒரே அளவு கிடைக்கிறது. அதனால் இதை நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, கடன் வட்டி. வாடகைக்கு விட்ட வீடு என்றால், வாங்கவோ கட்டவோ பழுதுபார்க்கவோ வாங்கிய கடனுக்கான வட்டி முழுவதும் கழியும். கூரைக்குச் செலவழித்த பணம் தனியாகக் கழியாது. அதற்காகக் கடன் வாங்கியிருந்தால் அந்த வட்டி கழியும். கடன் வங்கிக் கடனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மச்சானிடம் வாங்கியிருந்தாலும் சரி; அது எழுத்தில் இருப்பது நல்லது, பணம் வங்கி வழியாக வந்திருக்கவேண்டும், வட்டியை அவரும் தன் வருமானத்தில் காட்டவேண்டும். அசல் இந்தக் கணக்கில் சேராது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மாத வாடகை 6,000 என்றால் வருஷத்துக்கு 72,000. மாடிக்கு உரிய சொத்து வரி 2,000 போனால் 70,000. அதில் 30 சதவீதம் 21,000 போனால் 49,000. வட்டி 15,000 போக, வரிக்கு உட்படுவது 34,000.

இனி கீழே தறி இருக்கிற கூடம். சொந்தத் தொழில் நடக்கிற இடத்தை வீட்டு வருமானத் தலைப்பு தொடுவதே இல்லை. அது தொழில் கணக்கு. அங்கே 30 சதவீதம் கிடையாது, ஆனால் உண்மையான செலவு கழியும். மழைத் தண்ணீர் பாவில் சொட்டாமல் இருக்க ஓடு மாற்றினால் அந்த பில் செல்லும். தறிக்கூடத்துக்கு உரிய சொத்து வரியும் காப்பீடும் செல்லும். கட்டடத்துக்குத் தேய்மானமும் உண்டு. ஒரே கொத்தனார் ஒரே வாரத்தில் மேலும் கீழும் வேலை பார்த்திருந்தாலும் கீழே செய்ததற்கு பில் தேவை, மேலே செய்ததற்குத் தேவையில்லை. அதனால் பில்லை இரண்டாக வாங்கச் சொன்னேன். இதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. விற்றுமுதலில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டுகிற சிறு தொழில் முறையில் போகிறவருக்கு எல்லாச் செலவும் அதிலேயே கழிந்துவிட்டதாகக் கணக்கு. தனியாக எதுவும் கேட்க முடியாது.

“அப்போ மாடியையும் தொழில்னே காட்டிட்டா?” என்றார். அந்த வழி அடைபட்டுவிட்டது. கட்டடங்களை வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு சென்னை நிறுவனத்துக்கு, அதைத் தொழில் வருமானமாகவே கொள்ளலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குடியிருப்பு வீட்டின் வாடகையை உரிமையாளர் வீட்டு வருமானமாகத்தான் காட்டவேண்டும்.

கூடத்தைத் தறியோடு சேர்த்து ஒரே வாடகைக்கு விட்டால் கதை வேறு. இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒப்பந்தம் இருந்தால் அது பிற வருமானம்; பழுது, காப்பீடு, தேய்மானம் ஆகியவற்றை அங்கே கழிக்கலாம்.

மாடியையே புதிதாக எழுப்பிய செலவு எந்த வருஷக் கணக்கிலும் கழியாது. அந்த பில்களை மட்டும் எறிந்துவிடக் கூடாது. என்றாவது வீட்டை விற்கும்போது அது வீட்டின் அடக்க விலையில் சேர்ந்து லாபத்தைக் குறைக்கும்.

புதிய வரி முறையிலும் வாடகை வீட்டுக்கு இந்த மூன்று கழிவும் உண்டு. வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால்தான் வித்தியாசம்: பழைய முறையில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை மற்ற வருமானத்தில் ஈடுகட்டலாம், புதியதில் முடியாது. 2025-26 முதல் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை பெரும்பாலோருக்கு வரியே வராது. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் 30 சதவீதத்தை அப்படியே வைத்திருக்கிறது.

அண்ணன் எழுந்திருக்கும்போது, சென்னையில் மகன் வாங்கிய பிளாட்டைப் பற்றிக் கேட்டார். அங்கே சங்கத்துக்குக் கட்டும் மாதப் பராமரிப்புக் கட்டணம்தான் தலைவலி. வாடகையிலிருந்து அதைக் கழிக்க அனுமதித்த தீர்ப்பாயங்கள் உண்டு, மறுத்தவையும் உண்டு. வழக்குக்குப் போகிற தொகையா அது? வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே வாடகை இவ்வளவு, பராமரிப்புக் கட்டணத்தைக் குடியிருப்பவர் சங்கத்துக்கு நேராகக் கட்டுவார் என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள் என்றேன்.