'ம்' கொட்ட ஆளில்லாத பேச்சு

"அண்ணே, நான்தான் பேசறேன். காலைல கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. ஒண்ணுமில்ல, அந்த விஷயம் என்னாச்சுன்னு கேக்கத்தான்..."

அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் தன் வாட்ஸ்அப்பில் வந்திருந்த இந்தக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். நீளம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. நண்பரின் போனில் பதிந்து வைக்காத எண். முகப்புப் படத்தில் ஒரு தாமரைப் பூ. பேசுவது யார், எந்த விஷயம் என்பது பாதிப் பதிவு ஓடியும் பிடிபடவில்லை. கடைசியில் கல்யாணப் பத்திரிகை எத்தனை வேண்டும் என்று சொன்னார். அதே நொடியில் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. எழுநூறா, எண்ணூறா? 'நூறு' மட்டும் கணீரென்று கேட்டது.

இதே மனிதர் கடைக்கு நேரில் வந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார். நண்பரின் முகம் சுருங்கியதுமே, "பொண்ணு கல்யாணப் பத்திரிகைண்ணே" என்று தானாகவே விளக்கியிருப்பார். பேச்சில் பாதி, கேட்பவரின் வேலை. கதை சொல்லும் பாட்டி, "ம் கொட்டு, இல்லைன்னா சொல்ல மாட்டேன்" என்று மிரட்டியது வெறும் பிகு இல்லை.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய அனுபவத்தை ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: 'டி' எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் காது கொடுத்தார்கள், மனம் கொடுக்கவில்லை. அந்த இடத்துக்கான 'ஐயோ'வும் 'அப்புறம்?'மும் வரவில்லை. விளைவு, சொல்பவர்களின் கதை கெட்டது. அதுவும் முடிவில்தான் மிகவும் தடுமாறினார்கள். முடிந்த கதையையே திரும்ப முடித்தார்கள், தேவையில்லாமல் விளக்கம் கொடுத்தார்கள்.

குரல் பதிவில் எதிரே அரைமனதாகக் கேட்கக்கூட ஆள் கிடையாது. "சரிண்ணே, அவ்ளோதான்... வச்சிடறேன்... ஆங், இன்னொண்ணு" என்று முடிவு நீண்டுகொண்டே போவதன் ரகசியம் இது. பேசுபவரின் குணக்கேடு என்று நான் நினைத்துவந்தேன். அது பாதிதான் சரி.

ஆளில்லாதபோது குரலை விட்டுச் செல்லும் ஆசை பழையது. டென்மார்க்கின் வால்டெமார் போல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் காந்தத்தால் ஒலியைப் பதியும் கருவியைச் செய்தார். தொலைபேசிச் செய்தியைப் பதிந்து வைப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அலுவலகங்களுக்கான வாய்ஸ்மெயில் 1980களில் பரவியது. நம் ஊரில் அது வேர் பிடிக்கவில்லை. காசு செலவில்லாத மிஸ்டு கால் போதுமானதாக இருந்தது. கோகோ கோலா தன் அட்லாண்டா தலைமையகத்தில் வாய்ஸ்மெயிலை மூடியது 2014 கடைசியில். அதற்கு முந்தைய ஆண்டுதான் வாட்ஸ்அப் குரல் பதிவு வசதியைத் தந்திருந்தது. ஒரு நாளைக்கு 700 கோடி குரல் பதிவுகள் அனுப்பப்படுவதாக 2022இல் அந்நிறுவனம் சொன்னது. வாசல் வழியாகப் போனது ஜன்னல் வழியாக வந்துவிட்டது.

சரி, எண்களுக்கு வருவோம். வியாபாரப் பதிவில் உயிர்நாடி அவைதான், முதலில் தொலைபவையும் அவைதான். இரண்டு நொடிகளில் எவ்வளவு சொல்லிவிட முடியுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் காதுவழி நினைவில் தங்கும் என்று ஆலன் பேட்லியும் சகாக்களும் 1975இல் காட்டினார்கள். அப்படியானால் எண்ணுப் பெயர்களின் நீளமும் முக்கியம். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழில் ஒவ்வொன்றும் ஈரசை, ஒன்பதோ இன்னும் நீளம். ஒன், டூ, த்ரீ பெரும்பாலும் ஓரசை. செல்போன் எண்ணை மட்டும் நாம் ஆங்கிலத்தில் சொல்வதற்கு ஆங்கில மோகத்தைத் தவிர இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் அதிலும் ஒரு வம்பு. 'ஃபைவ்', 'நைன்' இரண்டிலும் உயிரொலி ஒன்றே. இரைச்சலில் மெய்யொலி அடிபட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். விமானிகள் வானொலியில் 'நைனர்' என்று இழுத்துச் சொல்வது இதனால்தான். தமிழிலும் அறுபது, எழுபது, எண்பது எல்லாமே வாலில் ஒன்றுபோல் இருப்பவை, தலையில்தான் வேறுபாடு. அந்தத் தலையைத்தான் ஹாரன் விழுங்குகிறது.

இனிஷியல் இன்னும் மோசம். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ்' என்ற சீறலின் வலு பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அதனால் எஸ்.குமாரும் எஃப்.குமாரும் கம்பியில் ஒரே ஆள். 'எம்', 'என்' இரண்டும் மூக்கொலிகள், அவற்றின் வித்தியாசம் காதுக்கே மெல்லியது. இன்றைய குரல் பதிவுகள் அகன்ற அலைவரிசையைப் பிடிக்கின்றன என்றாலும் பேருந்து நிலையத்துக்கு அது தெரியாது. "எம், மதுரைக்கு வர்ற எம்" என்று சொல்லும் வழக்கத்தைக் கிண்டல் செய்யாதீர்கள்.

பதிவு பொத்தானை அழுத்துமுன் எதிரே ஒருவர் நின்று "யாரு? என்ன வேணும்? எத்தனை? எப்போ?" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டால் போதும், பேச்சு தானாக ஒழுங்குக்கு வரும். "வணக்கம்ணே, மேலூர் செல்வம். பொண்ணு கல்யாணப் பத்திரிகை, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்." அடுத்து எண்ணிக்கை: ஒருமுறை முழுதாக, மறுமுறை ஒவ்வொரு இலக்கமாக. செல்போன் எண் என்றால் ஐந்து இலக்கம் சொல்லி ஒரு மூச்சு, பிறகு மீதி ஐந்து. 'டபுள்', 'ட்ரிபிள்' வேண்டாம். எழுதுகிறவர் எந்த எண் வரப்போகிறதோ என்று பேனாவைத் தூக்கிக்கொண்டே காத்திருக்க வேண்டியிருக்கும்.

தாமரைப் பூக்காரர் மறுநாள் கடைக்கு நேரில் வந்தார். எழுநூறும் இல்லை, எண்ணூறும் இல்லை. அறுநூறாம்.